நல்லம்பள்ளிக்கு உறை கேட்டுப் போனது

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் போகக் கூடாது. போனால் நல்ல சேதி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நான் போனேன். கையில் காலித் தூக்குப்போசி வேறு.

எனக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் தயிர் வியாபாரம். படிப்பு ஏழாவதோடு சரி. பேச்சும் குறைவு. (வியாபாரத்துக்கு அதுதான் நல்லது என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் எனக்குப் பேச வராது.) ஆனால் அக்கா மகள் ரோஸ்லின் நிச்சயத்தன்று மட்டும் எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்துவிட்டேன். "கல்யாணப் பிரியாணிக்குத் தயிர் பூரா என்னோடது" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நல்லம்பள்ளி. மாடு வைத்திருக்கிற குடும்பம். "கடைத் தயிரு எங்க வூட்ல யாரும் தொடமாட்டாங்க. பார்க்கலாமுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதும். கத்தி போட்டு வெட்டுகிற பதத்தில் தயிர் கொண்டுவந்து அந்த அம்மாவின் இலையில் வைப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

என் உறைமேல் எனக்கு அத்தனை கர்வம். பல வருஷத்துக்கு முன் வாங்கிய ஒரே ஒரு பொட்டலம் உறைப்பொடியில் ஆரம்பித்தது. அதன்பின் நேற்றைய தயிர்தான் இன்றைய உறை. அடுத்த வீட்டு உறை ஒரு சொட்டு சேர்த்ததில்லை. தெருவே என்னிடம்தான் உறை வாங்கும்.

ரோஸ்லினுக்கு ஓசூர் பக்கம் ஒரு பால் கம்பெனியின் லேபில் வேலை. "ரெண்டு மூணு உறை வெச்சுக்கிட்டு மாத்தி மாத்தி ஊத்துங்க மாமா" என்று ஒருதரம் சொன்னாள். "உன் படிப்ப ஓசூர்லயே வெச்சுக்க" என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. பாலைக் காய்ச்சி, ஆற்றி, நாலு அண்டாவிலும் உறை ஊற்றினேன். மத்தியானம் மூடியைத் திறந்தேன். பால். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தேன். அப்போதும் பால். உறை போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். அண்டாவை வெயிலுக்கு நகர்த்தினேன். போர்வை போர்த்தினேன்.

என் மனைவி பிலோமினா வந்து பார்த்தாள். "அதுக்கென்ன காய்ச்சலா?"

நான் போர்வையை இன்னும் இழுத்து மூடினேன்.

"பாக்கெட் தயிரு வாங்கிடலாமுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்" என்று இன்னொரு கரண்டி உறை எடுத்தேன்.

 அவள் போனை எடுத்து அக்கா வீட்டுக்குச் சொன்னாள். அக்கா வீடு அடுத்த தெருதான். கல்யாணப் பெண்ணே கிளம்பி வந்துவிட்டாள். இரண்டு கையிலும் காயாத மருதாணி. போலீசிடம் மாட்டியவன் மாதிரி கைகளைத் தூக்கிக்கொண்டே அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, பால உறைய வைக்கறது பாக்டீரியா. அந்த பாக்டீரியாவப் புடிக்கறதுக்குன்னே வைரஸ் இருக்குது. நம்மள ஒன்னும் பண்ணாது. உங்க பாக்டீரியா அத்தனையும் காலி."

"இன்னிக்குன்னு பார்த்தா வரணும்?"

"முன்னாடியே வந்திருக்கும். கொஞ்ச நாளா லேட்டா உறைஞ்சிருக்குமே?"

லேட்டாகத்தான் உறைந்தது. குளிர் என்று நினைத்தேன். (அது மே மாதம்.)

"காலையில இருந்து நீங்க ஊத்துன ஒவ்வொரு கரண்டியிலயும் வைரஸும் சேர்ந்துதான் போயிருக்குது."

என் கையில் இருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"எங்கிட்ட உறை வாங்காதவங்க வூட்ல மட்டும் எப்படி உறையுது?" என்றேன்.

"பொம்மிடியில டிக்கெட் இல்லாம ரயிலேறுறவனுங்கள நெனச்சுக்குங்க. டிடிஆர் முன்பெட்டிய செக் பண்ணுனா, பின்பெட்டிக்காரன் தப்பிச்சுக்குவான். அப்புறம் டிடிஆரும் பின்பெட்டிக்கு வருவாரு. அந்நேரம் நடுப்பெட்டியில ஒருத்தன் தப்பிப்பான். வைரஸும் பாக்டீரியாவும் இப்படித்தான், ஒன்னால ஒன்னு மாறிக்கிட்டே இருக்கும். யோசிச்சு மாறாது மாமா. பொறக்கறப்பவே ஒன்னு ரெண்டு வேற மாதிரி பொறக்கும். தப்பிக்கறது அதுதான், அப்புறம் பெருகறதும் அதுதான். வூட்டுத் தயிர்ல பல வகை இருக்கறதால எதாச்சும் ஒன்னு தப்பிச்சுரும்."

"நம்முது?"

"நம்முது மொத்தமும் ஒரே பெட்டியில உக்காந்திருக்குது."

பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேறு உறை வேண்டும். தெரு முழுக்க என் உறை. அக்கா வீட்டிலும் என் உறை. பாக்கெட் தயிரும் என் உறைப்பொடி வகையாகவே இருக்கலாம், நம்ப முடியாது என்றாள் ரோஸ்லின். என் தயிர் இதுவரை நுழையாத வீடு எது என்று யோசித்தோம். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. கடைத் தயிரைத் தொடாத வீடு.

"நான் போறேன்" என்றேன்.

"குளிச்சிட்டு வேற துணி கட்டிக்கிட்டுப் போங்க மாமா. உங்க வேட்டியிலயும் வைரஸ் இருக்கும்."

துவைத்த வேட்டியாக இருந்தது கோயிலுக்கு வைத்திருந்த பட்டுக்கரை வேட்டி மட்டும்தான். அதைக் கட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு, மொபெட்டில் நல்லம்பள்ளி போய் இறங்கினேன். வாசலில் பந்தல்காரர்கள் விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா ஓடி வந்தார். "வாங்க, வாங்க. என்ன இந்நேரத்துல?"

"சம்பந்தியம்மாகிட்ட தனியா ஒரு வார்த்தை பேசணுமுங்க" என்றேன்.

 மாப்பிள்ளை பாதி முகத்தில் சவர நுரையோடு எட்டிப் பார்த்தார்.

"எதுவா இருந்தாலும் எங்க முன்னாலயே சொல்லுங்க" என்றார் அவர் அப்பா. குரல் இறங்கிவிட்டது. நாற்காலி போட்டார்கள். யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். நான் யோசிக்க யோசிக்க அவர்கள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"எங்க பக்கம் ஒரு தப்பாயிருச்சுங்க" என்றேன்.

சம்பந்தியம்மா மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார். நுரை சட்டையில் வழிந்தது.

"பொண்ணுக்கு... எதுனாச்சுங்களா?" என்றார் அவர் அப்பா.

"பொண்ணு நல்லாருக்குதுங்க. தயிருதான் உறையல."

 தூக்குப்போசியை நீட்டினேன். "கொஞ்சம் உறை வேணுமுங்க."

முதலில் சிரித்தது பந்தல்காரர். பிறகு வீடே சிரித்தது. சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் போசி நிறைய உறை ஊற்றிக்கொண்டு வந்து, "இதுக்கா இந்தப் பட்டு வேட்டி?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் சிரித்தார். நிறுத்தவே இல்லை. நான் மொபெட்டைக் கிளப்பும்போதும் கேட்டுக்கொண்டிருந்தது.

உறை ஊற்றியது அக்கா வீட்டில். புதுப் பால். அண்டாக்களைக் கொதிநீரில் தேய்த்துக் கழுவியது பிலோமினா. ரோஸ்லின் கையைத் தூக்கியபடி மேற்பார்வை. நான் வாசற்படி தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். தாய்மாமன் சீர் உள்ளே உறைகிறது, தாய்மாமன் நான் தெருவில் நிற்கிறேன்.

விடிகாலையில் கதவைத் திறந்தார்கள். நாலு அண்டாவும் உறைந்திருந்தது. வெட்டலாம்.

கோயிலில் கல்யாணப் பூசை முடிந்து பந்தி நடந்தது. சம்பந்தியம்மா இலைக்குத் தயிரை நானே கொண்டுபோனேன். ஒரு வாய் சாப்பிட்டார். பந்திக்கே கேட்கிற மாதிரி, "எங்க வூட்டுத் தயிராட்டமே இருக்குதுங்க!" என்றார்.

இப்போது என்னிடம் நாலு வீட்டு உறை இருக்கிறது. மாற்றி மாற்றி ஊற்றுகிறேன். அதிலும் ஒன்று போன மழைக்காலத்தில் படுத்துவிட்டது. அலட்டிக்கொள்ளவில்லை. அடுத்ததை எடுத்தேன். அண்டாவைக் கொதிக்கக் கொதிக்கக் கழுவினேன். அந்த வைரஸ் விடாது என்று தெரியும். நானும் விடப்போவதில்லை.

நல்லம்பள்ளிக்கு உறை கேட்டு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது போகிறேன். மொபெட் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளைதான் வாசலுக்கு வருவார். இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்பார்:

"மாமா, கல்யாணம் நடக்குமுங்களா?"

"பார்க்கலாம்" என்பேன்.