சத்தமில்லாத பம்புக்கு நான் போட்ட மார்க்

எனக்குக் கூர்மையான காது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, கடைசி பெஞ்சில் முறுக்கு கடிப்பது யார் என்று திரும்பாமலே பெயர் சொல்லி எழுப்புவேன். அந்தக் காதை நம்பித்தான் என் ஒரே மகனின் கல்யாணத்தையே ஒப்படைத்தேன். (இப்போது யாராவது என் காதைப் புகழ்ந்தால், வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வருகிறார்கள்.)

மகன் வேலுவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வயது முப்பத்து மூன்று. ஏழு இடம் பார்த்து ஏழும் தட்டிப்போயிருந்தன. எட்டாவதாக வந்தது ஆரணியில் ஒரு நெசவுக் குடும்பம். பெண் தேவிகா, வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போனில் பேசும் உத்தியோகம். ஜாதகம் பொருந்தியது, போட்டோ பிடித்தது. பெண்ணின் அப்பா போனில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எங்க பொண்ணு நாள் முழுக்க பேசிக்கினே இருக்கணும் சார். வீட்டுல சத்தம் கித்தம் இருக்காதே? அது ஒண்ணுதான் அவ கேக்கறா.”

“எங்க வீட்டுலயா? மூச்சு விடற சத்தம்கூட கேக்காது!” என்றேன்.

“அப்போ வர்ற அமாவாசைக்கு வூடு பாக்க வந்துடறோம். அன்னிக்கு நாங்க தறியில இறங்கறதில்ல. எல்லாரும் வரலாம்.”

“பேஷா வாங்க!” என்று போனை வைத்தேன். கூடத்தில் இருந்து ‘கர்ர்ர்ர்’ என்றது வேலுவின் மீன் தொட்டி.

ஆறடி நீளத் தொட்டி. நாற்பத்தொரு மீன்கள். (தினமும் எண்ணுவேன். ஒருநாள் நாற்பதுதான் வந்தது. செடிக்குப் பின்னாலிருந்து அது வெளியே வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.) தொட்டியின் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு இறங்கும். அங்கே அழுக்கு வடிகட்டப்படும். அந்தப் பெட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். பழைய பம்ப், மேட்டில் திணறும் டவுன் பஸ்ஸைப் போல உறுமிக்கொண்டிருந்தது.

“தொட்டிய தூக்கிப் போட்டா ஆச்சு” என்றாள் என் மனைவி சரோஜா.

“கல்யாணம் வேணாம்மா, மீனு இருக்கட்டும்” என்றான் வேலு.

ஆக, பம்பைத்தான் மாற்ற வேண்டும். பொறுப்பு என்னுடையது.

வண்ண மீன் கடையில் மூன்று பம்புகளைச் சோதனைக்கு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றும், ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் தள்ளும் என்றெல்லாம் விசாரித்தாயிற்று. மீதி இருந்தது சத்தம் மட்டுமே. பரீட்சை வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். சரோஜாவிடம் தாளிக்கக் கூடாது என்றேன்.

“கடுகு வெடிச்சா பம்பு ஃபெயிலாயிடுமா?” என்று கரண்டியோடு வந்து கேட்டாள். கண்ணாடிப் பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

முதல் பம்புக்கு நூற்றுக்கு நாற்பத்திரண்டு. இரண்டாவதற்கு எழுபது. மூன்றாவது ஓடுகிறதா என்றே தெரியவில்லை. கையை விட்டுப் பார்த்துத்தான் நம்பினேன். யாருக்குமே போடாத மார்க்கை, நூற்றுக்கு நூறை, அதற்குப் போட்டேன். அமாவாசைக்கு முதல் நாள் பிற்பகல் அதைப் பொருத்தினோம். பெட்டியில் நீர் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சிக் களகளவென்று சத்தம் போடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் விடுவேனா? பம்பை ஓடவிட்டபடியே பெட்டியை விளிம்புவரை நிரப்பினேன். இரவு எல்லாரும் திருப்தியாக மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டோம்.

மறுநாள் காலை முழுக்க வீட்டில் கிரைண்டரும் மிக்சியும் ஓடின. பதினோரு மணிக்கு ஆரணியில் இருந்து ஒன்பது பேர் வந்தார்கள். தேவிகாவும் வந்தாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். மிக்சி நின்றது.

‘ங்ங்ங்ங்ங்ங்ங்’ என்றது கூடம்.

நூற்றுக்கு நூறு வாங்கியவன் எங்கிருந்து இப்படிக் கத்துகிறான்? அப்போதுதான் உறைத்தது. சுவருக்கு அப்பால் என் தம்பி ஏகாம்பரத்தின் மூன்று தறிகள். நான் பிறந்ததில் இருந்து பகல் முழுக்க ஓடுகிற தறிகள். கடிகார முள்ளை நிறுத்திய எனக்கு அவை சத்தம் என்றே தோன்றவில்லை. மூன்று தறி முழங்கும்போது பம்புக்குப் பரீட்சை வைத்திருக்கிறேன்! இன்று அமாவாசை. தம்பி மட்டுமல்ல, எங்கள் நெசவுத் தெருவிலேயே ஒருவரும் தறியில் இறங்கவில்லை.

“மாவு மில்லு எதுனா பக்கத்துல இருக்குதா?” என்று பெண்ணின் அப்பா உரக்கக் கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்று நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன்.

அமைதி. எல்லாரும் காபியை எடுத்தார்கள். ஆனால் பம்ப் நின்றால் மேலே இருக்கும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழே இடம் எங்கே இருக்கிறது? நான்தான் விளிம்புவரை நிரப்பிவிட்டேனே. பெட்டி பொங்கியது. தரையில் ஓடிய தண்ணீர், நேராகப் பெண்ணின் அத்தை கட்டியிருந்த பட்டுப் புடவையை நோக்கிப் போனது.

“ஐயோ, தண்ணி!” அத்தை இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டாள்.

“அப்பா, பம்பைப் போடுங்கப்பா! இன்னும் ரெண்டு குடம் இறங்கும்!” என்று கத்தினான் வேலு.

போட்டேன். வெள்ளம் நின்றது, முழக்கம் தொடங்கியது. அணைத்தால் தண்ணீர், போட்டால் சத்தம். முழங்கால் நனைய உட்கார்ந்து பெட்டிக்குள் கையை விட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆத்திரத்தில் பம்பைப் பிடித்துத் தூக்கினேன்.

சத்தம் நின்றுவிட்டது. பம்ப் ஓடுகிறது, தண்ணீர் ஏறுகிறது, சத்தம் இல்லை! அடிக் கண்ணாடியில் இடித்து அதிர்ந்ததுதான் அத்தனை முழக்கமும். கீழே வைத்தேன்: ‘ங்ங்ங்’. தூக்கினேன்: அமைதி.

“நீங்க பேசுங்க, நான் இப்படியே இருக்கேன்” என்றேன்.

பேசினார்கள். நாள், மண்டபம், எத்தனை பந்தி என்று எல்லாம் பேசினார்கள். முழங்கை வரை தண்ணீரில் விட்டபடி நான் தரையில் இருந்து தலையாட்டினேன். கை மரத்துப்போனது.

“இன்னாங்க இது கோலம்? மானம் போவுது” என்று சரோஜா பல்லைக் கடித்தாள்.

“கையை எடுத்தா சம்பந்தமே போவும், பரவாயில்லையா?” என்றேன்.

கடைசியில் பெண்ணின் அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். “உனக்கு எப்படிம்மா? அமைதியான வூடு வேணும்னு கேட்டியே.”

தேவிகா என்னையும் என் நனைந்த வேட்டியையும் பார்த்தாள். என் மகனின் எட்டாவது சம்பந்தம் என் ஐந்து விரல்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

“சத்தம் கூடாதுன்னு ஒரு வார்த்தை கேட்டேன். மாமா தண்ணியிலயே இறங்கிட்டாரு. இதுக்கு மேல இன்னாப்பா கேக்கறது? எனக்குப் புடிச்சிருக்குது.”

உடனே தாம்பூலத் தட்டோடு எழுந்து என் முன்னால் குனிந்தார் அவள் அப்பா. “வாங்கிக்கங்க சம்பந்தி.”

ஒற்றைக் கையால் தாம்பூலம் வாங்கக் கூடாது. பம்பை விட்டேன். இரண்டு கையையும் துண்டில் துடைத்துத் தட்டை வாங்கினேன். ‘ங்ங்ங்ங்ங்ங்’ என்று கூடமே அதிர்ந்தது. எல்லார் முகமும் ஒரு கணம் விறைத்தது. நாற்காலி மேல் குத்துக்காலிட்டிருந்த அத்தைதான் முதலில் கை தட்டினாள்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்! நல்ல நேரத்துக்குத்தான்யா கொட்டுது!”

சிரிப்பில் பம்ப் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது பம்ப் ஒரு கனத்த ஸ்பாஞ்சின் மேல் உட்கார்ந்து மூச்சுக் காட்டாமல் ஓடுகிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் தேவிகா கடல் கடந்து பேசுகிறாள். (தம்பியின் தறிகளா? நெசவு வீட்டில் பிறந்த அவளுக்கும் அவை சத்தமே இல்லையாம்.) போன மாதம் பேத்திக்குப் பெயர் வைத்தோம். காதில் பெயர் சொல்லக் குழந்தையைத் தூக்கி என்னிடம் நீட்டினார்கள். நானும் இரண்டு கைகளையும் நீட்டினேன். மருமகள் குரல் கொடுத்தாள்:

“மாமா, அவசரப்படாதீங்க. பம்பு யார் கையில இருக்குது?”