தீச்சட்டிக்கு இன்சூரன்ஸ் உண்டா?

இன்சூரன்ஸ் இல்லாத வீட்டில் யாராவது தும்மினால் அது தும்மலாகக் கேட்காது. வேலை போன மறுநாள் காலை என் மகள் ஷாலினி இரண்டு முறை தும்மினாள். மூன்றாவது தும்மலை எதிர்பார்த்து நான் கையில் தைலத்துடன் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். "பப்பா, டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்க. பக்கத்து வீட்டுல மிளகாய் வறுக்காங்க," என்றாள். மிளகாய் வாசனை எனக்கும்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது டெங்குவின் முதல் அறிகுறியாகவே பட்டது.

எனக்குப் பயப்படக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஷாலினிக்கு நிஜமாகவே டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடைசி நாளில் நீட்டிய பில்லை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆபீஸ் மெடிக்கல் கார்டு இருந்ததால் பிழைத்தோம். இல்லையென்றால் தாராவியில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறையை, மேலே உள்ள மச்சோடு சேர்த்து விற்றிருக்க வேண்டும். அந்தக் கார்டைத்தான் இப்போது கம்பெனி திரும்பக் கேட்டது.

குர்லாவில் தோல் பை ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. நான் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். வெளிநாட்டில் யாரோ பை வாங்குவதை நிறுத்தினார்கள். எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த பெண், "மெடிக்கல் இன்னைக்கு வரைக்கும்தான் அங்கிள்," என்றாள். (அந்த 'அங்கிள்' வேறு தனியாக வலித்தது.)

சொந்தமாக ஒரு பாலிசி எடுப்பதென்று முடிவு செய்தேன். ஷாலினியின் போனில் ஒரே ஒரு இடத்தில் விசாரித்தோம். அவ்வளவுதான், இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் என்னை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லோரும் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார்கள். முதல் ஆளிடம் 'இப்போதைக்கு வீட்டில் இருக்கிறேன்' என்றேன். அடுத்த ஆளிடம் 'பிசினஸ்' என்றேன். அதற்கடுத்த ஆள் என்ன பிசினஸ் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டேன். கடைசியில் ஒருவழியாக, எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரு பாலிசி வந்து சேர்ந்தது.

வந்ததை வாங்கிப் பெட்டியில் வைப்பதுதான் மனித இயல்பு. நான் படித்தேன். பொடி எழுத்து உட்பட முழுவதையும் படித்த ஒரே ஆள் இந்தியாவில் நானாகத்தான் இருப்பேன். அதில் ஒரு விஷயத்தை மட்டும் மூன்று முறை திரும்பப் படித்தேன். முதல் ஒரு மாதம் நோய் எதற்கும் பணம் கிடையாது. விபத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் நோய் வர அனுமதி இல்லை. பானிபூரி தடை. வடாபாவ் தடை. மழையில் நனைவது பெருங்குற்றம். குடை கொண்டுபோக மறந்த ஷாலினியை அழைத்துவர மாட்டுங்கா கல்லூரி வாசலுக்கு நானே குடையோடு போய் நின்றேன். (அவளுடைய தோழிகள் என்னை இன்றுவரை 'சத்ரி அங்கிள்', அதாவது குடை மாமா, என்கிறார்கள்.) அதே சமயம், மச்சிலிருந்து அவள் இரும்பு ஏணியில் தடதடவென்று இறங்கினால் நான் வாயைத் திறப்பதில்லை. "விழுந்தா பரவால்ல புள்ள, காய்ச்சல் மட்டும் வரக் கூடாது," என்று ஒரு நாள் சொல்லியே விட்டேன். என் மனைவி முத்துக்கனி கையிலிருந்த கரண்டியோடு திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அந்தச் சமயம் பார்த்து ஆடி பிறந்தது. எங்கள் சந்தின் முனையில் அம்மன் கோயில். ஆடி வெள்ளியன்று பெண்கள் மஞ்சள் சேலை கட்டி, நெருப்பு எரியும் மண்சட்டியைக் கையில் ஏந்திச் சந்து சந்தாகச் சுற்றி வருவார்கள். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே முத்துக்கனி சாதாரணமாகச் சொன்னாள்:

"இந்த வருசம் நானும் தீச்சட்டி எடுக்கேன்."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். "எதுக்கு?"

"நேந்திருக்கேன்."

"என்னன்னு நேந்த?"

"அத வெளிய சொல்லக் கூடாதுல்லா."

எனக்கு வேலை கிடைக்கத்தான் நேர்ந்திருப்பாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவும் பயம். அம்மன் கோபித்துக்கொண்டால் அந்தக் கோபம் பெரும்பாலும் அம்மையாகத்தான் வரும், அம்மை நோய்க் கணக்கு, முதல் மாதம் பணம் கிடையாது. சரி என்று சொல்லவும் பயம். தீக்காயம் விபத்தில் சேருமா? பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: தனக்குத்தானே வேண்டுமென்றே ஏற்படுத்திக்கொள்ளும் காயங்களுக்குப் பணம் இல்லை. நெருப்புச் சட்டியைத் தானாகப் போய் கையில் வாங்குவது எதில் சேரும்?

பக்கத்து வீட்டு சுடலை அண்ணாச்சியிடம் கேட்டேன். தையல் மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "அம்மன் சுடமாட்டா லே. அது என்ன கேஸ் அடுப்பா?"

எனக்கும் அம்மன் மேல் நம்பிக்கை உண்டு. இருந்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது. அங்கேதான் சனி என் தோளில் ஏறி உட்கார்ந்தது.

முத்துக்கனி கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். அதற்கு முன்னால் புத்திசாலித்தனமாக ஒரு திட்டம் போட்டிருந்தேன். கோயில், நேர்த்திக்கடன் என்றெல்லாம் சொன்னால் 'வேண்டுமென்றே' கணக்கில் தள்ளிவிடுவார்கள். ஆகவே அம்மன் பேச்சையே எடுக்கக் கூடாது. பொதுவாகக் கேட்க வேண்டும். (பேச்சு இந்தியில் நடந்தது. என் இந்தி காய்கறி வாங்கப் போதுமானது. தமிழில் தருகிறேன்.)

"மேடம், தீ விபத்துக்கு முதல் நாளிலிருந்தே பணம் உண்டா?"

"உண்டு சார்."

"சேலையில் பிடித்தால்?"

"உண்டு சார். ஏதாவது விபத்து நடந்துவிட்டதா?"

"இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

லைன் போய்விட்டதோ என்று 'ஹலோ' சொன்னேன்.

"யாருக்கு சார்?"

"மனைவிக்கு."

"பாலிசி எப்போது எடுத்தீர்கள்?"

"போன வாரம்தான்."

"உங்கள் மனைவியிடம் கொஞ்சம் பேசலாமா சார்?"

"இல்லை மேடம், நான் போன் செய்வது அவளுக்குத் தெரியாது. இன்னொரு சந்தேகம். அது விபத்துதானா, வேண்டுமென்றே நடந்ததா என்று பின்னால் யாராவது வந்து கேட்பார்களா?"

"கண்டிப்பாகக் கேட்பார்கள் சார்," என்றாள். அதன் பிறகு அவள் குரல் மிகவும் மென்மையாகிவிட்டது. வீட்டு முகவரியைச் சரிபார்த்தாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எங்கேயாவது வெளியூர் போகிறோமா என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தாள். இவ்வளவு அன்பான கம்பெனியா என்று நெகிழ்ந்துபோய், பேசி முடித்ததும் வந்த மெசேஜில் அவளுக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டேன்.

வியாழக்கிழமை காலை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தோளில் பை மாட்டிய இன்சூரன்ஸ் கம்பெனி விசாரணை அதிகாரி. மற்றவர் காக்கி உடுப்பில் ஒரு பெண் போலீஸ்.

எங்கள் சந்தில் போலீஸ் ஒரு வீட்டுக்கு வந்தால் சந்து முழுவதும் அந்த வீட்டுக்கு வரும். சுடலை அண்ணாச்சி கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் பிரஷ்ஷோடு வந்தார்கள். பெண் போலீஸ் நேராக அடுப்படிக்குப் போய், "மண்ணெண்ணெய் எங்கே?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைப்பதற்காக அந்த அதிகாரி தன் போனில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். என் குரல். 'சேலையில் பிடித்தால்?' என்றது. 'இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்' என்றது. 'அவளுக்குத் தெரியாது' என்றது. கேட்கக் கேட்க எனக்கே அந்த ஆள் மேல் சந்தேகம் வந்தது.

வேலை போயிற்று. இப்போது பாலிசியும் போகப் போகிறது, நானும் உள்ளே போகப் போகிறேன், இவர்கள் இருவரையும் யார் பார்ப்பார்கள்? தெரிந்த இந்தியெல்லாம் மறந்துபோய், மிஞ்சியதைக் கொண்டு விளக்கப் பார்த்தேன். "தேவி... நெருப்பு... இவள் கையில் நாங்கள் கொடுப்போம்... தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும்," என்றேன். பெண் போலீஸ் சட்டென்று நகர்ந்து எனக்கும் முத்துக்கனிக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

பிறகு முத்துக்கனியைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று உள்ளே அழைத்துப் போனார். உள்ளே என்றால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். இந்தியை ஷாலினி மொழிபெயர்த்தாள்.

"அம்மா, அப்பா உன்ன மிரட்டுறாரா, பயப்படாம சொல்லுன்னு கேக்காங்க."

"யாரு, இவரா?" என்றாள் முத்துக்கனி. அப்புறம் அவளால் பேச முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான், வாசலில் நின்ற சந்து எனக்காகச் சாட்சி சொல்லக் கிளம்பியது.

"மேடம், இவன் கொசுவத்தி பொருத்தவே என்னயத்தான் கூப்பிடுவான்," என்றார் சுடலை அண்ணாச்சி.

"தீவாளிக்கு மச்சுல ஏறிக் கதவப் பூட்டிக்கிடுவாரு," என்றது எதிர்வீடு.

"சிலிண்டர் மாத்த நான்தான் வரணும்," என்றாள் அண்ணாச்சி மனைவி.

ஷாலினி ஒவ்வொன்றையும் ஒரு சொல் விடாமல் இந்தியில் சொன்னாள். போதாததற்கு, "டிவியில தீ காட்டினா பப்பா சேனல் மாத்திருவாரு," என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தாள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் வேகமாகத் தலையாட்டினேன். விட்டுப்போன ஒன்றை, பல்லியைக் கண்டால் நான் அலறுவதை, நானே ஞாபகப்படுத்தினேன். என் கோழைத்தனத்துக்கு இத்தனை சாட்சிகள் இருந்ததற்காக அன்றைக்கு அம்மனுக்கு மனதார நன்றி சொன்னேன்.

முத்துக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் சேலையையும் புதுச் சட்டியையும் எடுத்துக் காட்டினாள். ஷாலினி போனவருடத் திருவிழா வீடியோவைப் போட்டாள். பெண் போலீஸின் முகம் மெல்ல இளகியது. தங்கள் ஊரிலும் தேவிக்கு இப்படியெல்லாம் செய்வார்கள் என்றார். பிறகு, கேட்டாக வேண்டிய கடைசிக் கேள்வி என்று சொல்லிக் கேட்டார்: என்ன வேண்டிக்கொண்டு இதைச் செய்கிறாள்? புருஷன் கட்டாயப்படுத்தினானா?

முத்துக்கனி முதலில் சொல்லமாட்டேன் என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இவரு பயம் போகணும்னு நேந்தேன்."

ஷாலினி மொழிபெயர்க்க மறந்துவிட்டாள்.

"வேல போவும், இன்னொண்ணு வரும். அதுக்கு நான் கவலப்படல. நாங்க தூங்குதோம்னு நெனச்சுக்கிட்டு இவரு வந்து வந்து எங்க நெத்தியத் தொட்டுப் பாக்காரு. மூக்குக்கிட்ட வெரல வச்சுப் பாக்காரு. ஒரு மாசம் முடியதுக்குள்ள இந்த மனுசனுக்கே ஏதாவது ஆயிரும் போலருக்கு. அதான் முன்னாடியே சட்டி எடுத்திருவோம்னு நெனச்சேன்."

அவர்கள் தூங்கிக்கொண்டிருந்ததாகத்தான் நான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. போலீஸ் முன்னால் அழுதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்களோ என்று அதற்கும் பயந்து, அடக்கிக்கொண்டேன். பெண் போலீஸ்தான் முதலில் எழுந்தார். போகிற போக்கில் என் தோளில் ஒரு தட்டு தட்டினார். பாலிசிக்கு ஒன்றும் ஆகாது என்று அதிகாரி சொன்னார். விட்டேனா? "அப்படியென்றால் தீச்சட்டி விபத்தில் சேருமா சார்?" என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வேகமாகப் படி இறங்கினார். இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் முத்துக்கனி தீச்சட்டியோடு மூன்று சந்துகளைச் சுற்றி வந்தாள். நான் ஒரு கையில் தண்ணீர் வாளி, மறு கையில் தீக்காய மருந்து என்று பின்னாலேயே ஓடினேன். அவள் கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. வாளியைத் தூக்கிய எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. தாணேயில் வேறு வேலை கிடைத்து, அங்கே ஒரு மெடிக்கல் கார்டும் கொடுத்தார்கள். சொந்தப் பாலிசியை நான் விடவில்லை, இரண்டும் இருக்கின்றன. சந்தில் என் பெயர் 'வெள்ளிக்கிழமை' ஆகிவிட்டது. நான் வீட்டில் இருக்கும்போது முத்துக்கனி அடுப்பு பற்றவைத்தால், "அண்ணாச்சி, அடுப்பப் பொருத்துதேன், இவரு உள்ளதான் இருக்காரு, பாத்துக்கிடுங்க!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுப்பாள். விருந்தாளிகள் வந்தால் ஷாலினி அந்தப் போன் பேச்சை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவாள்.

வேலை கிடைத்த வருடம், ஆடி வெள்ளியன்று முத்துக்கனி மறுபடியும் மஞ்சள் சேலை கட்டினாள்.

"அதான் வேல கெடச்சிட்டே?" என்றேன்.

"நான் வேலைக்கா நேந்தேன்?" என்றாள்.

அதற்கு அடுத்த ஆடியிலும் எடுத்தாள். போன ஆடியிலும் எடுத்தாள். வாளியோடு பின்னால் ஓடும் என்னைப் பார்த்துச் சுடலை அண்ணாச்சி ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்: "ஏ வெள்ளிக்கிழம, எல்லாரு நேர்த்திக்கடனும் ஒரு வருசத்துல முடியுது. ஒம் பொண்டாட்டிய மட்டும் ஆயுசு பூரா சட்டி தூக்க வச்சிருவ போலருக்கே லே?"