வரி பாய் கேட்ட ஒரு வரி

இந்திய அரசாங்கத்துக்கு ஒரு முதலாளி இருந்தார். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பிளாஸ்டிக் வாளி விற்றுக்கொண்டிருந்தார். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் யாரையும் தெரியாது. ஊருக்கு அவர் வரி பாய்.

சொந்த ஊர் தரங்கம்பாடி. இருபத்திரண்டு வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே சம்பளத்தில் வரி பிடிக்க மாட்டார்களாம். ஊர் திரும்பிய முதல் மாதம் ஒரு மிக்சி வாங்கியிருக்கிறார். பில்லில் விலைக்குக் கீழே வரி என்று தனியாக ஒரு தொகை. வேறு யாராக இருந்தாலும் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்கள். பாய்க்கு ஞானம் பிறந்துவிட்டது. பணம் போட்டவன் பங்குதாரன், பங்குதாரன் என்றால் முதலாளி, ஆகவே சர்க்கார் நம்முடையது. அன்றைக்குப் பிடித்ததுதான்.

அரசு ஊழியர் அத்தனை பேரும் அவருக்கு ‘நம்ம ஸ்டாஃப்’. தெருப் பெருக்க வருகிறவர்களுக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுப்பார். போக்குவரத்துக் காவலர் வெயிலில் நின்றால் கடையிலிருந்து ஸ்டூல் போகும். தரங்கம்பாடி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “பள்ளத்துல பாத்து எறக்குங்க, டயரு என்னுது” என்பார். ஒருமுறை விருந்தாளிகளை டேனிஷ் கோட்டைக்கு அழைத்துப் போனபோது டிக்கெட் கேட்டிருக்கிறார்கள். “டேனிஷ்காரன் காலத்துலேந்து எங்க ஊரு வரி கட்டுது. என் கோட்டைக்கு எனக்கே டிக்கெட்டா?” என்று கால்மணி நேரம் வாதாடிவிட்டு, ஆறு டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார். வாங்காமல் போனால் நஷ்டம் அவருக்குத்தானே.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து ஃபேன். வழியில் எந்த அரசு அலுவலகம் தென்பட்டாலும் உள்ளே நுழைவார். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அணைப்பார். திரும்பி வந்துவிடுவார். அங்கே அவருக்கு வேறு ஜோலியே கிடையாது. ஒருநாள் ஒரு எழுத்தர் மேஜைக்கடியில் குனிந்து பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஃபேன் நின்றுவிட்டது. “யோவ், ஆளு இருக்கேன்யா!” என்று கீழிருந்து குரல் வந்திருக்கிறது. “இருந்தா வெளிய தெரியற மாதிரி இருங்க” என்று சொல்லிவிட்டு, மறுபடி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

நான் அப்போது அவர் கடைக்கு எதிரே இருந்த அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கேட்பவர்களுக்கு நோட்டீஸும் எழுதிக் கொடுப்பேன். பாய் கடைக்கு மேல்மாடியில் ஏ.சி. மெக்கானிக் பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. இருபத்து மூன்று மாணவர்கள், ஒரே ஒரு ஏ.சி. காலையில் பதினொரு பேர் அதைக் கழற்றுவார்கள். மதியம் பன்னிரண்டு பேர் மாட்டுவார்கள். ஒருநாள் அது தப்பித்தவறிக் குளிர்ந்துவிட்டது. மாடியில் எழுந்த கைதட்டலில் பாய் கடையில் அடுக்கியிருந்த வாளிகள் சரிந்து விழுந்தன.

அந்த இருபத்து மூன்று பேரில் ஒரே பெண் மகேஸ்வரி. வலங்கைமான் பக்கத்துக் கிராமம். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். வீட்டில் இருந்த ஒரே கறவை மாட்டை விற்று மகளுக்குப் பணம் கட்டியிருந்தார். கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மகேஸ்வரிக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். சர்டிபிகேட்டைக் காட்டினால் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு.

அவள் சேர்ந்த பதினோராவது மாதம் ஒரு திங்கட்கிழமை மாடியில் பூட்டுத் தொங்கியது. நிலையத்தை நடத்தியவர் போன இடம் தெரியவில்லை. இருந்த ஒற்றை ஏ.சி.யையும் மறக்காமல் தூக்கிக்கொண்டு போயிருந்தார். போர்டை மட்டும் விட்டுவிட்டார். ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

போலீஸில் புகார் கொடுத்தார்கள். ஆள் கிடைத்தால் சொல்வதாகச் சொன்னார்கள். ஆள் கிடைக்கிறவரை எங்கே போவது? அரசாங்கம் எங்கள் பணத்தைத் தரவேண்டும் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாய் எந்தப் பக்கம் என்று யாரும் சந்தேகப்படவில்லை.

“என் காசுலயா? நான் சொல்லியா சேந்தாங்க?” என்று கடை வாசலில் நின்று முழங்கினார். “எவனோ வாங்கித் தின்னுட்டு ஓடுவான், மொய் எழுதறது நானா?”

மகேஸ்வரி நேராகக் கடைக்கு வந்தாள். கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் ஒரு ரசீதை வைத்தாள்.

“பாய், நீங்க மட்டுந்தான் வரி கட்டறீங்களா? இதைப் படிங்க.”

பயிற்சிக் கட்டணம் இவ்வளவு. அதற்குக் கீழே ஜி.எஸ்.டி., நூற்றுக்குப் பதினெட்டு வீதம். பாய் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவர் மிக்சிக்குக் கட்டியது இதற்கு முன்னால் கால் தூசு பெறாது. மெதுவாக எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துண்டால் தட்டி அவள் பக்கம் நகர்த்தினார்.

“உக்காருங்க முதலாளி” என்றார். கேலி இல்லை. நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே கட்சி மாறிவிட்டார். “பீஸை அவன் வாங்குனான், சரி. இந்த வரியை வாங்குனது யாரு? நாமதான். பாதியில நின்ன கிளாசுக்கு நாம எப்படிங்க வரி வாங்கலாம்?” என்று வருகிற போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார். ‘நாம’ என்று அவர் சொன்னது அரசாங்கத்தை.

மறுநாள் மகேஸ்வரியின் அம்மாவும் வந்தார். மகளுக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்தோம்.

“சோப்பு வாங்குனாக்கூட வரி போவுதுன்னு நீங்கதானே சொல்வீங்க பாய்? அப்ப எங்கூட நடவுக்கு வர்றவளுவ குடுத்த காசும் அதுல கெடக்கு. அதை எடுத்து எம் பொண்ணுக்குக் குடுன்னு நான் எந்த வாயால கேக்கறது?”

“வெள்ளத்துல சம்பா போனப்ப ஊரே நிவாரணம் வாங்கலியாம்மா?” என்றாள் மகேஸ்வரி.

“மழை எல்லாருக்கும் பெஞ்சுது. இதுல நீயாத்தானே போயி சேந்த?”

“நானாவா போனேன்? போர்டுல அரசுன்னு போட்டிருந்துச்சு, போனேன்.”

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கும் எந்தப் பக்கம் தலையாட்டுவதென்று தெரியவில்லை. இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகவே பட்டது. கடைசியில் பாய் அந்த ரசீதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து அச்சகத்துக்கு வந்தார்.

“சார், இதுல உள்ள ஜி.எஸ்.டி. நம்பரை உங்க கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தட்டிப் பாருங்க.”

தட்டினேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று வந்தது. மூன்று முறை தட்டினேன். மூன்று முறையும் இல்லை. வரி என்று சொல்லி வாங்கியதும் அந்த ஆளின் பைக்குத்தான் போயிருக்கிறது.

எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. “பாய், இதுல அரசாங்கம் பைசா வாங்கல. அப்ப திருப்பித் தர ஒண்ணுமே இல்ல” என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது.

“என்ன சார் இப்படிச் சொல்றீங்க? உங்க பேரைச் சொல்லி ஒருத்தன் தெருவுல வசூல் பண்ணுனா சும்மா இருப்பீங்களா? இவன் என் பேரைச் சொல்லி வாங்கியிருக்கான் சார். நாலு வருஷமா போர்டு தொங்குது. அதுக்குக் கீழயே என் ஸ்டாஃப் எத்தனை பேரு வந்தான், போனான். எந்த அரசு, எப்பக் குடுத்த அங்கீகாரம்னு ஒருத்தன் அண்ணாந்து பாத்துக் கேட்டானா? அவ்வளவு ஏன், நானுந்தான் அதுக்குக் கீழ உக்காந்து வாளி வித்தேன். நான் கேட்டேனா?”

பிறகு குரலைத் தணித்து, “அந்த வரியை எவன் சார் எழுதுனான்?” என்றார்.

எழுதியவன் நான். நிலையம் தொடங்கியபோது நோட்டீஸும் போர்டும் எங்கள் அச்சகத்தில்தான் தயாராயின. ‘அங்கீகாரம் இருக்கா சார்?’ என்று நிலையத்துக்காரரிடம் கேட்டேன். விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொன்னார். ‘அரசு அங்கீகாரம் பெறவுள்ளது’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, “பெறவுள்ளதுன்னா எவன் சார் வருவான்? பெற்றதுன்னு போடுங்க, எப்படியும் வந்துடப்போவுது” என்றார். அடித்துவிட்டுப் போட்டேன். ஒரு சொல்லில் காலத்தை மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“பிழை திருத்தற வேலைன்னீங்களே” என்றார். அவ்வளவுதான். அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ரசீதை மேஜைமேல் வைத்துவிட்டு, “பேப்பர் எடுங்க. மனு எழுதுவோம்” என்றார்.

உள்ள குற்ற உணர்ச்சியெல்லாம் சேர்த்து நான்கு பக்கம் எழுதினேன். பாய் படித்துவிட்டு, “நம்ம ஸ்டாஃப்பை எனக்குத் தெரியும். ரெண்டாவது பக்கம் திருப்ப மாட்டாங்க” என்றார். இரண்டு பக்கமாக்கினேன். “மூச்சு வாங்குது” என்றார். ஒரு பக்கமாக்கினேன். மூன்று நாள் அவர் அடிக்க, நான் எழுத, கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. என் வாழ்க்கையில் அவ்வளவு கடுமையாக என்னைத் திருத்தியவர் வேறு யாரும் இல்லை.

எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் மனு வாங்கும் முகாம் நடந்தது. பாய் உள்ளே வந்ததும் நேரே சுவர்ப்பக்கம் போய், ஆளில்லாத பின்வரிசைக்கு மேல் ஓடிய மூன்று ஃபேன்களை அணைத்தார்.

“யாருங்க அது, ஃபேனை நிறுத்தறது?” என்று மேடையிலிருந்த அதிகாரி அதட்டினார்.

“வரி கட்டறவன்ங்க” என்றார் பாய்.

மகேஸ்வரியும் மற்றப் பிள்ளைகளும் முன்னால் போய் நின்றார்கள். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். “தனியார் நிலையம்மா. வாங்குனது அவரு. அரசு பணம் குடுக்க விதி இல்ல. இன்னைக்கு உங்களுக்குக் குடுத்தா, நாளைக்கு நூறு பேரு நிலையம் தொறந்து, காசை வாங்கிட்டுப் பூட்டிட்டுப் போவான். பில்லு எங்ககிட்ட வரும்” என்றார். அதில் ஒன்றும் தப்பில்லை.

மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாய் முன்னால் வந்தார்.

“நியாயந்தாங்க. என் காசு, எனக்குத் தெரியாதா? வரியிலேந்து குடுக்க முடியாது, சரி. ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“என்ன வரி?”

“‘இந்தப் பொண்ணுக்கு ஏ.சி. வேலை தெரியும்’னு ஒரு வரி. அரசு ஐ.டி.ஐ. நம்மளுதுதானே? மிஷின் இருக்கு, வாத்தியாரு இருக்காரு. இந்தப் புள்ளைங்களைக் கூப்பிட்டு வேலை குடுத்துப் பாருங்க. தெரிஞ்சா எழுதிக் குடுங்க. தெரியலன்னா எழுதாதீங்க. அரசுங்கற பேரைப் பாத்து வந்து ஏமாந்துட்டாங்க. அந்தப் பேரை நெசமாக்கிக் குடுங்கன்னுதான் கேக்கறோம்.”

மனுவில் இருந்ததும் அதுதான். அதிகாரி அந்த ஒரு வரியைப் படித்தார். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐ.டி.ஐ.யில் தேர்வு வைக்க ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் ஒன்பது பேர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். தேர்வுக்கு வந்தவர்கள் பதினான்கு பேர், தேறியவர்கள் எட்டுப் பேர். மகேஸ்வரி தேறினாள். கும்பகோணம் ஆஸ்பத்திரி காத்திருக்கவில்லை. வேறு ஆளை எடுத்துவிட்டது. ஆனால் கையில் அந்த ஒரு வரி இருந்ததால் தஞ்சாவூரில் ஒரு ஏ.சி. கான்ட்ராக்டர் அவளைச் சேர்த்துக்கொண்டார். போன பணம் யாருக்கும் திரும்பவில்லை. மாடும் திரும்பவில்லை.

பொதுப்பணத்திலிருந்து கொடுப்பது சரியா என்று அதன்பிறகு பல தடவை யோசித்துவிட்டேன். ஏமாற்றியவன் பில்லை ஊர் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அரசின் பெயர் நாலு வருஷம் தெருவில் தொங்க, எல்லோரும் அதன் கீழே நடந்து போயிருக்கிறோமே, அது மகேஸ்வரியின் தப்பு மட்டும்தானா? திருப்பூருக்குப் போன அந்த ஒன்பது பேருக்கு நாம் ஏதோ தரவேண்டியிருக்கிறது என்றுதான் இன்றும் தோன்றுகிறது. அதில் என் பங்கு நிச்சயம் நூறு ரூபாயைவிட அதிகம்.

பாய் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காலமாகிவிட்டார். கடைத்தெருவில் தெருப் பெருக்குகிறவர்கள் அத்தனை பேரும் அன்று அடக்கத்துக்கு வந்திருந்தார்கள்.

போன மாதம் ஒரு பத்திர நகலுக்காகத் தஞ்சாவூரில் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஏணிமேல் நின்று ஏ.சி.யை மூடிக்கொண்டிருந்தவள் திரும்பி, “சார், நீங்களா?” என்றாள். மகேஸ்வரி. கீழே இறங்கி, பதிவேட்டில் ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் இப்போது இரண்டு மாடு இருக்கிறது என்றாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னோடு வாசல்வரை வந்தவள், ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பிப் போய் ஃபேனை அணைத்துவிட்டு வந்தாள்.

“பாய்தான் இப்ப இல்லையேம்மா” என்றேன்.

“அதுக்கென்ன சார், ஃபேன் அவங்களுதுதானே?”

எனக்கு அந்த மனிதரை உடனே பார்க்க வேண்டும்போல் இருந்தது.