நைஜீரியா மாஸ்டரின் விசிறித் துணி

கனடாவில் ஆறு வருடம் இருந்தும் ஒரு நாள்கூடக் கனடாவில் வசிக்காத ஒரே மனிதர் நைஜீரியா மாஸ்டர்தான். எண்பதுகளில் நைஜீரியாவின் இபதான் நகரத்தில் கணக்குப் படிப்பித்தவர். தொண்ணூறுகளில் மகள் வாணியோடு இங்கே வெக்ஸ்போர்ட் பகுதிக்கு வந்து, நாங்கள் நாலு கட்டைப் பிரம்மச்சாரிகள் இருந்த அப்பார்ட்மென்ட்டின் எதிர்க்கதவில் குடியேறினார். பெட்டியைக் கீழே வைத்த நாளிலிருந்து இந்த நாட்டில் பிழை பிடிக்கத் தொடங்கினார்.

முதலில் அகப்பட்டது பஸ். இபதானில் ஆள் ஏற்றும் வான் நிரம்பினால்தான் புறப்படுமாம். இங்கே வெறும் பஸ்ஸில் ஏறி, சாரதியிடம் போய், கொஞ்சம் பொறுத்தால் ஆட்கள் வருவார்கள் என்று ஆங்கிலத்தில் புத்தி சொன்னார். சாரதி பொறுக்கவில்லை.

"காலி பஸ்ஸை ஓட்டுறான், ஐசே. உவங்களுக்குக் கணக்குத் தெரியாது," என்று எங்களிடம் வந்து குறைப்பட்டார்.

பனிச்சப்பாத்து வாங்கப் போன கதை இதைவிட மோசம். பேரம் பேசாமல் வாங்குவது கடைக்காரருக்குச் செய்யும் அவமரியாதை என்பது அவர் அங்கே கற்ற பண்பாடு. மோலில் இருந்த பெரிய கடைக்கு என்னையும் கூட்டிப்போய்ப் பாதி விலைக்குக் கேட்டார். விற்பனைப் பெண் சிரித்தாள். மாஸ்டர் கோபித்துக்கொண்டு என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

"மெதுவா நடவும், ஐசே. இப்ப கூப்பிடுவினம்."

ஒருவரும் கூப்பிடவில்லை. மூன்று முறை உள்ளே போனோம், மூன்று முறை கோபித்தோம். நாலாவது முறை திரும்பியபோது கடையைப் பூட்டிவிட்டார்கள். அந்தப் பனிக்காலம் முழுக்க மாஸ்டர் என் பழைய சப்பாத்தைப் போட்டு, கால்விரல் நுனி கடிக்க நடந்து திரிந்தார்.

பிறகு வாணிக்குக் கலியாணம் சரிவந்தது. மாஸ்டர் ரெக்ஸ்டேலில் ஒரு நைஜீரியாக் கடைக்குப் போய், கட்டுக்கட்டாகத் துணி வாங்கி வந்து, எங்கள் மாடியில் இருந்த தமிழர் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். கரும்பச்சை நிறம். அதில் மஞ்சள் மஞ்சளாக மேசை மின்விசிறிகள். ஆளாளுக்கு அதிலே சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு கலியாணத்துக்கு வர வேண்டுமாம்.

எல்லோரும் "ஓம் மாஸ்டர்" என்று வாங்கினார்கள். கதவு சாத்தியதும், அந்தக் கோமாளித் துணியை உடுத்துவதில்லை என்று மாடி முழுக்க ஒருமனதாக முடிவெடுத்தது. அதைப் போய்ச் சொல்ல வாயாடியான என்னை அனுப்பினார்கள்.

"மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. உதைப் போட்டுக்கொண்டு வந்தால் சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்," என்றார். "அங்க கலியாணமெண்டால் வீட்டு ஆக்கள் எல்லாரும் ஒரே துணியிலதான் நிப்பினம். அந்தத் துணியை உடுத்தவன் அந்த வீட்டு ஆள். பிறகு ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

வெட்டி மிஞ்சிய துணியை மடித்தபடி மாஸ்டர் தொடர்ந்தார்.

"மாப்பிளைப் பகுதி மொன்றியலில இருந்து நாலு வானில வருது. மனுசி இருந்திருந்தாலாவது இரண்டு பேர். இப்ப என்ர பிள்ளைக்குப் பின்னால நான் ஒராள்தான் நிக்கிறன், ஐசே."

திரும்பி வந்து எங்கள் ஆட்களிடம் அதை அப்படியே சொன்னேன். மூலை வீட்டு அன்ரி எழும்பி, "ஆரிட்டத் தையல் மெசின் இருக்கு?" என்று கேட்டார்.

கலியாணத்தன்று மண்டபத்தின் வலப்பக்கம் பட்டும் கோட்டுமாக மொன்றியல். இடப்பக்கம் நாங்கள் முப்பது பேர், கழுத்திலிருந்து இடுப்புவரை விசிறிகள். சனம் சிரித்தது உண்மைதான். மாப்பிளையின் தாய் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்கள் பொம்பிளைக்கு என்ன முறை?"

மணவறையிலிருந்து மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாணியைவிட நான் ஏழே வயது மூத்தவன். அதுவரை அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள்.

"சித்தப்பா," என்றேன்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. வாணியின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் காவல் இருந்தேன், பிள்ளைக்குக் காது குத்த மடியில் வைத்திருந்தேன், இப்போது அந்தப் பிள்ளை என்னைத் தாத்தா என்கிறது. மாஸ்டர் போய்ச் சேர்ந்து கனகாலம். அந்தக் கலியாணத்துக்கு முன்னர் இந்த நாட்டில் எனக்கும் சொந்தமென்று ஒருவரும் இருக்கவில்லை. கணக்கு வாத்தியார் அதையும் கவனித்துத்தான் துணி வெட்டியிருப்பார் போல.