ஒயினுக்குக் காற்று கொடுத்த குழு

ஒயினுக்கும் மூச்சுத் திணறும் என்பதை உணர்ந்து, அதற்காகத் தனிக் குழுவே அமைத்த பெருமை கலிஃபோர்னியாவின் கட்லர் ஸ்ப்ரிங்ஸ் ஓட்டலையே சேரும். மனிதர்களின் மூச்சை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

குழுவில் மூவர். தலைவர் டாக்டர் லேலண்ட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். பிறர் வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதை அவரளவுக்கு அறிந்தவர் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. பெவ் ஆஸ்ட்ராண்டர் கண்ணாடி ஜாடிக் கட்சி: ஒயினை ஜாடியில் ஊற்றி, காற்றுப்பட்டு அதன் முரட்டுத்தனம் அடங்க இரண்டு மணி நேரம் ஆறவிட வேண்டும். கிப் ஹால்டேன் கருவிக் கட்சி: புட்டியின் வாயில் ஒரு புனலைச் செருகினால் போதும். ஊற்றும்போதே பக்கத்துத் துளை வழியாகக் காற்று கலந்துவிடும். கலக்கும்போது யாரோ அவசரமாகச் சூப் உறிஞ்சுகிற சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் 'அறிவியல்' என்று கிப் விளக்குவார்.

அன்று காலை ஒயின் புட்டிகளோடு அவர்கள் முன் நின்றவள் நெட்டி வாஸ்லர். அவள் சொந்தமாகச் செய்த முதல் ஒயின் அது. திறந்தவுடன் குடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும் முரட்டுச் சிவப்பு. ஓட்டலின் ஒயின் பட்டியலில் இடம் கிடைத்தால் அவள் பெயரோடு மேசைக்குப் போகும். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை டேங்கர் லாரி வரும். பீப்பாய்களை உறிஞ்சிக்கொண்டு போய், பெயரில்லாத அட்டைப்பெட்டி ஒயினோடு கலந்துவிடும்.

"உன் ஒயினைப் பத்தி அப்புறம் பேசலாம்மா," என்றார் டாக்டர் கனிவாக. "முதல்ல அதை எப்படி ஊத்துறதுன்னு முடிவு பண்ணணும்."

சோதனை மிக நேர்மையாக வகுக்கப்பட்டது. ஒரு புட்டி கருவி வழியாக. ஒரு புட்டி ஜாடி வழியாக. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புட்டி, எந்தச் சடங்கும் இல்லாமல். கோப்பைகளில் அ, ஆ, இ என்று ஒட்டுவது நெட்டியின் பொறுப்பு, அதுவும் குழு பார்க்காமல். எது எதுவென்று அவளுக்கு மட்டும் தெரியும்.

"என்னோடது ரெடி," என்றார் கிப், புனல் உறிஞ்சி முடித்ததும். "குடிக்கலாமா?"

"பொறு தம்பி. என் ஜாடிக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்."

"ரெண்டு மணி நேரமா? பெவ், இது ஒயினா, ஆபரேஷனா?"

"உன் கருவி மீன் தொட்டி மோட்டார் மாதிரி கத்துது. அதைக் கேட்டே ஒயின் மிரண்டு போயிருக்கும்."

"உங்க ஜாடியக் கழுவுறதுக்கு ஒரு ஆள் போடணும், தெரியுமா? கழுத்துக்குள்ள கையே போகாது."

"சண்டை வேணாம்," என்றார் டாக்டர். "மூணையும் ஒரே நேரத்துலதான் ருசிக்கணும். அதுதான் முறை. காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். கருவியிலிருந்து வந்ததும், சும்மா ஊற்றியதும், அகன்ற கோப்பைகளில் ஜன்னலோரம் அப்படியே திறந்து கிடந்தன. நெட்டி அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லலாமா என்று வாயெடுத்தாள். அதற்குள் உப்பு பிஸ்கட்டை ருசிக்கு முன் தின்பதா பின் தின்பதா என்ற விவாதம் சூடுபிடித்துவிட்டது.

கடைசியில் நெட்டி ஜாடியிலிருந்தும் ஊற்றி, மூன்றிலும் எழுத்து ஒட்டிக் கொண்டுவர, ருசித்தார்கள். ருசி பார்ப்பவர்களின் வழக்கப்படி அ கோப்பையை உறிஞ்சி, கொப்பளித்து, வாளியில் துப்பினார்கள். ஆ கோப்பையிலிருந்ததையும் அப்படியே துப்பினார்கள். இ கோப்பைக்கு வந்ததும் மூவரும் துப்ப மறந்துபோனார்கள்.

"இதுதான்!" என்றார் கிப். "பட்டு மாதிரி இருக்கு. என் கருவி."

"பட்டுதான். என் ஜாடி," என்றார் பெவ்.

டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஆக, ஒயின் பிரமாதம். அதுல கருத்து வேற்றுமை இல்ல. நெட்டி, இ யாரோடதுன்னு சொல்லிடு. யாரோடதா இருந்தாலும் உன் ஒயின் பட்டியல்ல ஏறிடும்."

ஒரு சொல் போதும். கருவி என்றாலும் சரி, ஜாடி என்றாலும் சரி. லாரி வராது. நெட்டி அந்தக் கோப்பையைப் பார்த்தாள். அது அவள் செய்தது. வேறு யாரும் அதில் கைவைக்கவில்லை.

"ரெண்டும் இல்லீங்க," என்றாள். "அது சும்மா ஊத்தினது. நீங்க பேசிக்கிட்டிருந்தப்போ தானா ஆறிடுச்சு."

பல ஆண்டுகால விரோதிகளான கிப்பும் பெவ்வும் முதன்முறையாக ஒருவரையொருவர் அன்போடு பார்த்துக்கொண்டார்கள்.

"தானாவா?" என்றார் கிப்.

"இது சரிப்படாது," என்றார் பெவ்.

"யோசிச்சுப் பாருங்க," கிப் தொடர்ந்தார். "விருந்தாளி உக்காந்திருக்கார். வெயிட்டர் ஊத்திட்டு என்ன பண்ணுவான்? கையக் கட்டிக்கிட்டு நிப்பானா?"

"விருந்தாளிக்கே தெரிஞ்சுபோகும், சும்மா வச்சிருந்தாலே போதும்னு. அப்புறம் வீட்டுல வச்சுக் குடிப்பார்," என்றார் பெவ்.

குழு உடனடியாகத் தன் 'தொழில்நுட்பத் தீர்மானத்தை' ஒருமனதாக நிறைவேற்றியது. பட்டியலில் சேர்வது நெட்டியின் ஒயின் அல்ல, அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வந்திருந்த ஒயின். அதைக் கருவியில் உறிஞ்சவிட்டு, ஜாடியில் ஊற்றி, மறுபடி உறிஞ்சவிட்ட பிறகும் மூவருக்கும் முகம் சுளித்தது. இரண்டு கட்சிக்கும் முழுநேர வேலை உறுதி என்பதால் அதன் தகுதியில் யாருக்கும் ஐயம் எழவில்லை. மேசை ஒன்றுக்கு 'காற்றூட்டுச் சேவைக் கட்டணம்' வசூலிக்கவும் அனுமதி தரப்பட்டது.

நெட்டி காலிப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கினாள். டாக்டர் லேலண்ட் வாசல்வரை வந்து, பல்லைப் பிடுங்கிய பிறகு நோயாளிக்குச் சொல்லும் குரலில் சொன்னார்: "மனசு விட்டுடாதே. உன் ஒயின்ல ஒரு குறையும் இல்ல."

"அப்போ ஏன் டாக்டர் வேணாங்கிறீங்க? நீங்க விக்கிறது ஒயின்தானே?"

டாக்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒயினா? அது இந்த ஊர்ல மளிகைக் கடையிலயே கிடைக்குதேம்மா!"