முழு வட்டையும் பயன்படுத்துக

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, பிரஷர் பார்க்கிற டொக்டரும் சொல்லியிருக்கிறார், வீட்டுக்காரரும் சொல்லியிருக்கிறார். ஆனால் அப்படிக் கண் தெரியாத நிலையில் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருக்கக் கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதை நானே ஒரு சனிக்கிழமை கண்டுபிடித்தேன். அந்தக் கண்டுபிடிப்பால் ஒரு கடற்கரை முழுவதும் கடலுக்குப் போக முடியாமல் நிற்கப் பார்த்தது.

சண்டை திரும்பவும் மூண்டிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கத்தில் ஒரு மீனவர் சங்கத்தில் நான் கிளாக். வயது இருபத்து மூன்று. ஆறு மாதக் கொம்பியூட்டர் வகுப்புச் சான்றிதழ் ஒன்று இருந்தது. அதைச் சட்டம் போட்டு வீட்டில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தோம். (அப்பாவின் வேலை. நான் வேண்டாமென்றுதான் சொன்னேன், ஆனால் பலமாகச் சொல்லவில்லை.)

அந்த நாட்களில் மீன்பிடிக்க வள்ளமும் வலையும் போதாது, பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் கரையிலிருந்த படை முகாமுக்குத் திங்கட்கிழமை தோறும் சங்கம் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பெயர், ஆணா பெண்ணா, அடையாள அட்டை இலக்கம், வள்ளத்தின் இலக்கம். மூன்று பிரதிகள். கையால் எழுதினால் செல்லாது, கொம்பியூட்டரில் அடித்திருக்க வேண்டும் என்பது முகாம் அதிகாரியின் கட்டளை. பட்டியலில் பெயர் இல்லாதவர் அந்தக் கிழமை ஏழு நாளும் மணலில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிறந்த நாளிலிருந்து காலை நனைத்த கடலில் இறங்க, என்னுடைய பிரின்டரில் மை இருக்க வேண்டும்! இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அதில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது. கொம்பியூட்டர் வந்த கையோடு பழைய பதிவுக் கொப்பிகளைக் கட்டி வலைக் கொட்டிலுக்குள் எறிந்தவள் நான்தான். "இனி என்னத்துக்கு மாமா கொப்பி?" என்று சங்கத் தலைவர் அருளப்பு மாமாவிடம் கேட்டேன். அந்தக் கொப்பிகளைக் கறையான் ஒரு வரி விடாமல் வாசித்து முடித்தது.

பிறகு கொம்பியூட்டருக்கு வைரஸ் பிடித்தது. ஒரு பெயரை அடித்துவிட்டு அது திரையில் வந்து சேர்வதற்குள் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கலாம். பட்டியலைத் திறந்தால் அதே பெயரில் நான்கு பட்டியல் நிற்கும். கெஞ்சினேன், ஏசினேன், பெட்டியின் தலையில் இரண்டு அடியும் போட்டேன். கொழும்பில் கம்பஸ் படிக்கும் என் சித்தியின் மகன் ரமணன் லீவில் வந்தபோது அவனிடம் முறையிட்டேன்.

"லினக்ஸ் போடுங்கோ அக்கா. வைரஸ் கிட்டவும் வராது. சும்மா தாறாங்கள்."

"ஏன் சும்மா தாறாங்கள்?"

"அது எல்லாருக்கும் பொது. ஆரும் உள்ளுக்குப் பாக்கலாம், திருத்தலாம்."

"எல்லாருக்கும் பொதுவெண்டால், பழுதாப்போனால் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

அவன் ஒரு லினக்ஸ் சீடியை என் கையில் தந்து, "திங்கக்கிழமை நான் வந்து போட்டுத் தாறன். அதுவரைக்கும் நீங்கள் தொடாதேங்கோ" என்றான்.

தொடாதேங்கோவாம்! அவனுக்குச் சளி துடைத்துவிட்டவள் நான். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது யாருடைய சான்றிதழ்?

சனிக்கிழமை காலை சாம்பல்தீவு வீட்டிலிருந்து சங்கத்துக்கு வரும் வழியில் ஆமிச் சென்றியில் மறித்து என் பையைக் கொட்டினார்கள். சோற்றுப் பார்சல், குடை, சீடி. சிப்பாய் சீடியைத் தூக்கினான்.

"இது என்ன?"

"ஒப்பரேட்டிங் சிஸ்டம்."

அவனுடைய முகம் மாறியது. "ஒப்பரேஷன்?"

"ஒப்பரேஷன் இல்லை! கொம்பியூட்டருக்குப் போடுறது."

"யாரு தந்தது?"

"சும்மா தந்தது."

"சும்மா?" என்று கேட்டு அடுத்தவனையும் கூப்பிட்டான். (நானே நம்பாத கதையை அவன் எப்படி நம்புவான்?)

ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தினார்கள். கடைசியில் மூன்றாமவன் ஒருவன் வந்து சீடியைத் திருப்பிப் பார்த்து, ஏதோ சொல்லிச் சிரித்து, என்னிடம் நீட்டினான். மற்ற இருவரும் சிரித்தார்கள். நிறுத்தி வைத்ததைக் கூடப் பொறுக்கலாம், அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. சங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது உச்சியில் முட்டை பொரிக்கலாம். குடையைக்கூட வைக்காமல் சீடியைப் போட்டேன்.

எந்த மொழி என்று கேட்டது. தமிழ் இருந்தது! பெருமையோடு அமத்தினேன். வந்த தமிழைப் பார்த்தால், அதை எழுதியவர் தன் வீட்டில் ஒருவரோடும் பேசுவதில்லை போல. 'வன்வட்டுப் பகுப்பு' என்றது. பகுக்கட்டும் என்று விட்டேன். பிறகு கீழே கீழே சில வரிகள். அதில் ஒன்று, 'முழு வட்டையும் பயன்படுத்துக'. முழுவதும் இருக்கும்போது எந்த விசரி பாதியைப் பயன்படுத்துவாள்? அமத்தினேன். இன்னொரு பெட்டி வந்தது. இச்செயலை மீட்க இயலாது என்று ஏதோ பயமுறுத்தி, கீழே இரண்டு பொத்தான்கள்: 'பின்செல்', 'முன்செல்'. காலையிலிருந்து எல்லோரும் என்னைப் பின்னுக்குப் போ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்செல்லை அமத்திய அமத்தலில் மவுஸ் மேசையில் குதித்தது.

அரை மணித்தியாலத்தில் மண்ணிறத்தில் அழகான ஒரு திரை வந்தது. வைரஸ் இல்லை. பட்டியலும் இல்லை. சங்கத்தின் ஒரு கடிதம், ஒரு கணக்கு, ஒரு புள்ளிகூட இல்லை. ரமணனுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"என்ர பட்டியல் எங்கயடா?"

"அக்கா, நீங்கள் என்னத்தை அமத்தினீங்கள்?"

"முழு வட்டையும் பயன்படுத்துக."

மெல்லக் கேட்டான். "பக்கப் எடுத்தனீங்களோ?"

"ஒருத்தரும் வந்து எடுக்கேல்லையே!"

பக்கப் என்றால் வேறிடத்தில் பிரதி எடுத்து வைப்பது என்று அவன் விளங்கப்படுத்தினான். நான் கொம்பியூட்டரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத ஏலாது. நிமிர்ந்து பார்த்தால் யன்னலுக்கு வெளியே அரைவாசிச் சங்கம் நிற்கிறது. சனிக்கிழமைகளில்தான் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வருவார்கள்.

"எங்கட பேரெல்லாத்தையும் அழிச்சுப்போட்டாளாம்!" என்று ஒருவர் சொன்னார். அந்தக் காலத்தில் பட்டியலில் பெயர் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். கத்தத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் மேலாக ராசாத்தி அக்காவின் குரல் கேட்டது. கரையில் மட்டி பொறுக்குகிறவர். அவருக்கும் பாஸ் வேண்டும்.

"படிச்ச பிள்ளை எண்டு கதிரையில இருத்தினால், நீ எங்கட சோத்துப் பானையையோ கவிழ்க்கிறாய்?"

"நான் வேணுமெண்டோ செய்தனான்?" என்று நானும் கத்தினேன். பிழை முழுவதும் என்னுடையது, அதனால் இன்னும் பலமாகக் கத்தினேன்.

அருளப்பு மாமா ஒன்றும் ஏசவில்லை. ஒரு கொப்பியையும் பேனையையும் மேசையில் வைத்தார். "வீடு வீடாப் போய் எழுது பிள்ளை. திங்கக்கிழமை கொண்டுபோய்க் காலைப் பிடிப்பம்." அவர் ஏசியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் ஏச்சு, பிறகு தேத்தண்ணீர், பிறகு அடையாள அட்டை. ராசாத்தி அக்கா வீட்டில் மட்டும் மூன்றும் ஒன்றாக நடந்தது. அவர் ஏசிக்கொண்டே தன்னுடைய இலக்கங்களையும் தம்பியின் இலக்கங்களையும் சொன்னார்; நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

திங்கள் காலை மாமாவும் நானும் கைப்பட எழுதிய பட்டியலோடு முகாமில் போய் நின்றோம்.

"கொம்பியூட்டர் பழுதாப்போச்சுது சேர்," என்றார் மாமா, தலையைக் குனிந்து.

அதிகாரி பட்டியலை வாங்கினார். புரட்டவில்லை. "எங்கடதும் மூணு மாசம் வேலை இல்லை. வைரஸ்," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

அவ்வளவுதான்.

அவருக்குப் பின்னால் மூலையில் என் பட்டியல்கள் அடுக்கியிருந்தன. நான் நீல நூலால் கட்டிய கட்டு, நான் போட்ட முடிச்சு. ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை. மேலே ஒரு தேத்தண்ணீர்க் கேத்தில் இருந்தது.

"சேர், அந்தப் பட்டியலில ஒண்டு தருவீங்களோ?" என்று கேட்டேன்.

"எல்லாம் கொண்டு போ. இடம் இல்லை."

நான் வாயைத் திறந்தேன். மாமா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். வெளியே வந்த பிறகுதான் விட்டார். "கோபத்தை வீட்டை கொண்டுபோ பிள்ளை. இஞ்ச அது வைக்க இடமில்லை," என்றார். என் முழங்கையில் அவருடைய ஐந்து விரலும் பதிந்திருந்தன.

லினக்ஸை எடுக்கத் தெரியாததால் அது சங்கத்திலேயே தங்கிவிட்டது. பிரின்டரை அதற்கு அறிமுகப்படுத்த எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. அதுவரை கைப்பட்டியல்தான் போனது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரோஷத்தில் படித்தேன். பின்னாளில் அதுவே எனக்குச் சோறும் போட்டது.

ஆனால் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பது இந்தக் கதையை அல்ல. அந்தக் கிழமைதான் முதன்முறையாக, பட்டியலுக்கு மேலதிகமாக, ஆளுக்கொரு மூன்று மாதப் பாஸ் அட்டையும் எழுதினார்கள். எழுதியவன் என் பட்டியலைக் கவனமாக வாசித்திருக்கிறான். அத்தனை மாதத்தில் வாசித்த முதல் மனிதன் அவன்தான். புதன்கிழமை ஒரு நெடுவல் ஆள் பாஸோடு சங்கத்துக்கு வந்தார். ராசாத்தி அக்காவின் தம்பி சிவராசா.

"பிள்ளை, இதில நான் பெண் எண்டு கிடக்கு."

அக்காவின் ஏச்சுக்குள் இரண்டு வரியிலும் 'பெண்' என்று எழுதியிருக்கிறேன். முகாமில் மாற்ற மறுத்துவிட்டார்கள். மூன்று மாதமும் அவர் மீசையோடு, பெண்ணாகவே கடலுக்குப் போய்வந்தார். கிழமைக்கு ஒரு தரம் சங்கத்துக்கு வந்து "நான் எப்ப ஆம்பிளை ஆவன்?" என்று கேட்பார். நான் எரிந்து விழுவேன். அடுத்த கிழமையும் வருவார். இப்படியே வந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். ராசாத்தி அக்கா எனக்கு மச்சாள் ஆனார்; ஏச்சை இன்னும் நிறுத்தவில்லை.

அந்தப் பாஸ் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் காட்டுவார். நான் குசினிக்குள் எழும்பிப் போய் ஏதாவதொரு சட்டியைப் போட்டு அடிப்பேன். போன மாதம் மகள் பள்ளிக்கூடப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். தகப்பனும் பக்கத்தில் இருந்தார். பேனையைக் கடித்தபடி நிமிர்ந்து என்னைக் கேட்டாள்:

"தாயின் பெயர் எண்டு கேட்டிருக்கு அம்மா. உங்கட பேரையோ, அப்பாவின்ர பேரையோ எழுதுறது?"