சிவப்புத் துணி கட்டிய தோணி

"என்ட மகனுக்கு வாசிக்கத் தெரியா எண்டு சொல்ல ஒரு டீச்சரா?"

தகரக் கொட்டில் அதிர அப்பா யோகராசா முழங்கினார். அந்த முழக்கத்தை நான் அப்படியே செய்து காட்டுவேன். தொண்டைச் செருமல் இலவசம்.

நாங்கள் வாகரைக்குத் திரும்பி ஒரு மழைக்காலம்தான். முதலில் கடல் துரத்தியது, பிறகு சண்டை துரத்தியது. தம்பி மதுஷன் முதலாம் வகுப்பை ஊர் ஊராக மரங்களுக்குக் கீழேதான் படித்தான். இப்போது புத்தகத்தை விரித்தால் அவனுக்கு வயிற்றுவலி. படம் இருந்தால் கதை சொல்வான். படத்தைக் கையால் மறைத்தால் வாயும் மூடிவிடும். இதைக் கவனித்த ஸஹீதா டீச்சர் அவனைப் பின்னேர வகுப்புக்கு அனுப்பச் சொன்னா.

அப்பா விடவில்லை. தம்பியைப் பாடம் வாசிக்கச் சொன்னார். அவன் கடகடவென்று ஒப்புவித்தான். எல்லாம் நான் டீச்சர் குரலில் வாசித்துக் காட்டியது. இடையில் நான் போட்ட இருமலும் அதே இடத்தில் வந்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இருமல் புத்தகத்தில இல்லயே," என்றா அம்மா. குரலில் நாள் முழுக்க மீன் வெட்டிய களைப்பு.

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "நாளைக்குக் கரைக்கு வா புள்ள. நம்மட தோணியில உன்ட பேர் இரிக்கு. அவன் அத வாசிக்காட்டி நானே கையில புடிச்சு வகுப்புக்குக் கூட்டிப் போறன்."

நிவாரணத் தோணிகள் எல்லாம் ஒரே அச்சு, ஒரே நீலம். அவரவர் மனைவி பேரை எழுதுவித்திருந்தார்கள். எங்களுடையதில் சீதேவிப்பிள்ளை. அடையாளத்துக்கு முன்பக்க அணியத்தில் அப்பா ஒரு சிவப்புத் துணியும் கட்டியிருந்தார்.

அம்மா என் காதருகே வந்து, அந்தத் துணியைப் பக்கத்துத் தோணிக்கு மாற்றிக் கட்டச் சொன்னா. சொல்லாவிட்டாலும் கட்டியிருப்பேன்.

காலையில் தம்பி நேரே சிவப்புத் துணிக்கு ஓடினான். எழுத்துகளில் விரலை வைத்து, "சீதேவிப்பிள்ளை," என்றான்.

நான் சிரிப்பை அடக்கினேன். அம்மா தம்பியைப் பார்க்கவே இல்லை. அவ பார்த்தது அப்பாவை.

அப்பா அந்த எழுத்துகளைத் தடவிக்கொடுத்தார். "பாத்தியா, உன்ட பேர எவ்வளவு வடிவா வாசிச்சிட்டான்."

அங்கே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அழகரத்தினம் மாமா நிமிர்ந்தார். "மச்சான், அது என்ட மனிசி புஸ்பத்திட பேர்."

அப்பா செருமினார். "கண்ணாடி சுனாமியோட போயிட்டுதானே."

"சுனாமிக்கு முதல் எப்பங்க கண்ணாடி போட்டீங்க?" என்றா அம்மா, மெதுவாக. எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

சொன்ன சொல் தவறாமல், திங்கட்கிழமை பின்னேரம் அப்பா தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். டீச்சர் இரண்டு சிலேட்டுகளைத் துடைத்து வைத்திருந்தா.

"உங்கட மனிசி போன கிழமையே சொல்லிட்டாங்க," என்றா, "ரெண்டு பேர் வருவாங்க எண்டு."